கணினிப் பெட்டியை அலமாரிக்குள் அடைக்காதீர்கள்

மதிப்பிற்குரிய தமிழ் முரசு ஆசிரியருக்கு,

வணக்கம். புது வீட்டுக்குச் சாவி வாங்கி ரெனவேஷன் செய்துகொண்டிருக்கும் குடும்பங்களுக்கு ஒரு விஷயத்தை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல நினைக்கிறேன். மேசைக் கணினியைக் கதவு போட்ட அலமாரிக்குள் வைக்காதீர்கள். ரெனவேஷன் வேலையை எடுத்துச் செய்யும் குத்தகையாளர் வரைபடத்தைக் காட்டுகிறார், படிக்கும் மேசைக்குக் கீழே ஒரு பெட்டி, அதற்குள் கணினி, கதவைச் சாத்திவிட்டால் ஒயர் எதுவும் வெளியே தெரியாது, அறை பளிச்சென்று இருக்கும் என்கிறார், நாமும் சரி என்று தலையாட்டிவிடுகிறோம். பின்பலகையில் ஒயர் போக ஒரு சின்ன ஓட்டை, மற்றபடி எல்லாப் பக்கமும் அடைப்பு. அதற்குள் வைத்துத்தான் பிள்ளைகள் இரவு வரை கணினியை ஓட்டுகிறார்கள்.

கணினி பழுதுபார்ப்பது என் தொழில் இல்லை. சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன், அவ்வளவுதான். அப்படிப் போகும் வீடுகளில் "ஆன் பண்ணினால் கொஞ்ச நேரம் நல்லா இருக்கு, அப்புறம் திக்குது" என்று சொல்லும் கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு உண்மையில் ஒன்றுமே ஆகியிருக்காது. அவை வெந்துகொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

கணினி இழுக்கும் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. விளையாட்டுக்கு வாங்கிய கணினி 400 வாட் இழுத்தால் அறைக்குள் 400 வாட் சூடு சேர்கிறது. உள்ளே இருக்கும் விசிறிகள் அந்தச் சூட்டை அழிப்பதில்லை, பெட்டியை விட்டு வெளியே தள்ளுகின்றன. தள்ளிய காற்று போக இடமில்லாமல் அலமாரிக்குள்ளேயே சுற்றினால், அதே சூடான காற்றைத்தான் முன்பக்க விசிறி திரும்ப உள்ளே இழுக்கும். கணினியின் மூளையான பிராசசரின் சூட்டைத் தணிக்கும் கூலர் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், தண்ணீர்க் குழாய் வைத்த வகையாகவே இருந்தாலும், சுற்றி இருக்கும் காற்றைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்க அதனால் முடியாது. காற்று 30 டிகிரி என்றால் கணக்கு 30-இல் தொடங்குகிறது. காற்று 45 என்றால் 45-இல் தொடங்குகிறது.

இதை ஒருமுறை நேரில் அளந்து பார்த்தேன். என் அண்ணன் மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான், வீடியோ எடிட்டிங் நிறைய செய்வான். வேலை பாதியில் போய்க்கொண்டிருக்கும்போதே கணினி மந்தமாகிவிடும். கடையில் கேட்டதற்கு, கிராஃபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, புதுசு போட்டால் சரியாகிவிடும் என்றார்களாம். அண்ணனும் பணத்தை எடுத்து வைத்துவிட்டார். நான் போனபோது கணினி அலமாரிக்குள் இருந்தது. சமையலறையில் கிடந்த சின்ன வெப்பமானியை உள்ளே வைத்து, அவனை வழக்கமான வேலையை ஓட்டச் சொல்லிக் கதவைச் சாத்தினோம். அரை மணி நேரத்தில் உள்ளே காற்று 46 டிகிரி, பிராசசர் 97, அதன் வேகம் பாதிக்குப் பக்கத்தில் இறங்கியிருந்தது. பெட்டியை வெளியே எடுத்து மேசைக்குப் பக்கத்தில் வைத்து அதே வேலையை ஓட்டினோம். அறையில் 30 டிகிரி, பிராசசர் 79, வேகம் குறையவே இல்லை. காசு ஒன்றும் செலவாகவில்லை. அந்த அலமாரியில் இப்போது அண்ணி துணி வைத்திருக்கிறார்.

சூடானால் ஏன் மந்தமாகிறது என்று பலருக்குத் தெரிவதில்லை. இப்போதைய பிராசசர்கள் தங்களைத் தாங்களே காப்பாற்றிக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. உச்ச வரம்பைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் கணினியே அணைந்துவிடும். அதனால் புகையோ வாடையோ எதுவும் வராது. "பழசாகிவிட்டது" என்ற எண்ணம்தான் வரும், அதைக் கடைக்காரரும் மறுக்க மாட்டார்.

எவ்வளவு சூடு சரி என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எண்ணைப் பார்த்துத் தேவையில்லாமல் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்டெல் மேசைக் கணினி பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரி செல்சியஸ் வரம்பு. ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பல, கனமான வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மற்றபடி வேலை நேரத்தில் 70, 80 என்றால் கவலை இல்லை. கிராஃபிக்ஸ் கார்டு 80-ஐ ஒட்டி நிற்பது சாதாரணம். ஹார்ட் டிஸ்க்குக்குத்தான் அவ்வளவு பொறுமை கிடையாது, தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் 60 என்று வரம்பு போட்டிருந்தாலும் 45-க்குக் கீழே வைத்திருப்பது நல்லது. பிள்ளைகளின் புகைப்படம் எல்லாம் அதில்தானே இருக்கிறது. சின்னப் பட்டையாக வரும் எம்.2 எஸ்எஸ்டி என்ற சேமிப்புக் கருவி 70-க்கு மேல் போனால் அதுவும் வேகத்தைக் குறைக்க ஆரம்பிக்கும். கணினிக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் என்ற உறுப்புகளுக்கு, வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கிராஃபிக்ஸ் கார்டின் சூட்டை விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே பார்க்கலாம், மற்றவற்றுக்கு எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் போதும்.

யூடியூபில் வரும் கூலர் சோதனைகளை நம்பி வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அவற்றில் பல 20, 22 டிகிரி அறையில் எடுத்தவை. நம் வீட்டில் பிற்பகலில் ஏர்கான் இல்லாமல் 31, 32 இருக்கும். 2023 மே 13 அன்று சிங்கப்பூரின் அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்சத்துக்குச் சமம். ஆகவே அந்த வீடியோக்களில் காட்டும் எண்ணோடு பத்து டிகிரியைக் கூட்டிக்கொண்டு முடிவெடுங்கள்.

அதற்காகக் கணினிக்கென்று நாள் முழுக்க ஏர்கான் போட வேண்டுமா என்று கேட்டால், வேண்டவே வேண்டாம். நம் நாட்டுத் தரவு நிலையங்களையே 26 டிகிரியிலும் அதற்கு மேலும் இயக்க வழிகாட்டும் தரநிலை ஒன்றை தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையமான ஐஎம்டிஏ 2023 ஜூனில் வெளியிட்டது. வெப்பமண்டலத்துக்காகவே வகுத்தது அது. ஆயிரக்கணக்கான சர்வர்கள் வேலை செய்யும் இடத்துக்கே அது போதும் என்றால் நம் வீட்டுக் கணினிக்கு என்ன குறை? அங்கே காற்று உள்ளே வரும் வழியையும் வெளியே போகும் வழியையும் பார்த்துப் பார்த்துக் கட்டுகிறார்கள், நம் வீட்டில்தான் அதைப் பலகை வைத்து அடைக்கிறோம். ஏர்கானுக்கு நேர் கீழே கணினியை வைப்பதும் வேண்டாம், வடிகால் குழாய் அடைத்துத் தண்ணீர் சொட்டாத வீடு நம் ஊரில் அபூர்வம்.

அடுத்தது தூசி. நம் வீட்டுத் தூசி வெறும் தூசி இல்லை. சமையலறைக்குப் பக்கத்தில் கணினி இருந்தால் தாளிக்கும் எண்ணெய்ப் புகை, சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தால் சாம்பிராணியும் ஊதுபத்தியும், புகைமூட்டக் காலத்தில் அதுவும் சேர்ந்து, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் விசிறி நன்றாகச் சுற்றும். ஆனால் விசிறியைக் கழற்றிப் பார்த்தால், அதற்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம் முழுதாக மூடியிருக்கும், நகத்தால் சுரண்டினால் ஒரே துண்டாக உரிந்து வரும். அதன் வழியாகக் காற்று எப்படிப் போகும்?

சுத்தம் செய்வது வீட்டிலேயே முடிகிற வேலைதான். சுவிட்சை அணைத்து பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்ச மின்சாரம் இறங்கிவிடும். மென்மையான பிரஷ்ஷும் காற்று ஊதும் கருவியும் போதும். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றின் வேகத்தில் கட்டுக்கடங்காமல் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும். வீடு கூட்டும் வேக்குவம் கிளீனரின் குழாயைச் சர்க்யூட் பலகைமேல் வைக்காதீர்கள், நிலைமின்சாரம் சேரும். பவர் சப்ளையை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் உயிருக்கு ஆபத்தான மின்னூட்டம் இருக்கலாம், வெளியிலிருந்து தூசியைத் தட்டுவதோடு விட்டுவிடுங்கள்.

பிராசசரின் சூட்டைக் கூலருக்குக் கடத்த, கூலருக்கு அடியில் தடவும் தெர்மல் பேஸ்ட் என்ற பசை சில வருடங்களில் காய்ந்துபோகும். மாற்றத் தெரிந்தால் மாற்றுங்கள், ஒரு பட்டாணி அளவு போதும். பழைய ஏஎம்டி வகையில் கூலரை அப்படியே மேலே இழுத்தால் பிராசசரும் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வந்துவிடும், பின்கள் வளைந்துவிடும். கணினியைக் கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி எடுக்க வேண்டும். கை நடுங்குமென்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

விசிறிகள் எந்தத் திசையில் ஊதுகின்றன என்பதையும் ஒருமுறை பாருங்கள். பொதுவாக முன்பக்கம் உள்ளே, பின்பக்கமும் மேல்பக்கமும் வெளியே. சாதாரண விசிறியில் குறுக்குச் சட்டம் இருக்கும் பக்கமாகத்தான் காற்று வெளியே வரும். வாங்கிய கடையில் எல்லாவற்றையும் உள்நோக்கி மாட்டிக் கொடுத்த கணினியையும் பார்த்திருக்கிறேன். கூடுதலாக ஒரு விசிறி வேண்டுமென்றால் சிம் லிம் சதுக்கத்தில் இருபது வெள்ளிக்குள்ளேயே நல்லதாகக் கிடைக்கும், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டியைவிட வலைக்கண் போட்ட பெட்டியே நம் ஊருக்கு ஏற்றது. இடமில்லை என்று வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையான பாம் ஷெல்டருக்குள் மேசை போட்டுக் கணினி வைக்கிறவர்கள் அந்தக் கனமான கதவைத் திறந்தே வைத்திருங்கள், உள்ளே ஒரு மேசை விசிறியும் ஓடட்டும்.

ரெனவேஷன் செய்கிறவர்கள் குத்தகையாளரிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. கணினி வைக்கும் இடத்துக்குக் கதவும் பின்பலகையும் வேண்டாம், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம் விடுங்கள், பெட்டி தரையில் உட்காராமல் கொஞ்சம் உயரமாக இருக்கட்டும். பலகை குறைந்தால் செலவும் குறையும். ஏற்கெனவே செய்து முடித்துவிட்டவர்கள், கணினி ஓடும்போது கதவைத் திறந்து வைத்து, பின்பலகையை அறுத்து எடுக்கச் சொன்னாலே போதும்.

நம் நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. மேசைக் கணினிகளையும் சேர்த்து, தயாரிப்பாளர்களே பொறுப்பேற்கும் கழிவுத் திட்டம் 2021 ஜூலையில் தொடங்கியது. கெட்டுப்போனதை அந்த வழியில் கொடுப்பது சரிதான். ஆனால் கெடாத கணினியை, தூசி அடைத்ததற்காகவும் கதவு மூடியதற்காகவும், எடுத்துப் போடுகிறோமே என்பதுதான் எனக்கு ஆற்றவில்லை. வசதி குறைந்த வீட்டில் ஒரு பிள்ளைக்கு அது இன்னும் பல வருடம் உழைக்கும்.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் சமூக மன்றங்களில் நம் அமைப்புகள் பிள்ளைகளுக்கு எத்தனையோ பட்டறைகள் நடத்துகின்றன. அவற்றில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். வீட்டுக் கணினியைத் தூக்கி வரச் சொல்லி, திறந்து, தூசி தட்டி, சூட்டை அளந்து பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். ஏற்பாடு செய்ய எந்த அமைப்பாவது முன்வந்தால் பிரஷ்ஷும் திருப்புளியும் எடுத்துக்கொண்டு நான் வரத் தயார். என் தொடர்பு விவரம் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தெம்பனிஸ் வாசகர்