ஆறாம் வகுப்பில் ஜெர்மன்: அரைகுறையாக வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்குப் பதிவு பெற பெரும்பாலும் பி2 அளவு (ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளில் நான்காவது) ஜெர்மன் தேவை. குமரி மாவட்டத்தில் நர்சிங் முடித்தவர்கள் பலரும் அதன்பிறகே அந்த மொழியைத் தொடங்கி, தனியார் வகுப்புகளில் பணத்தைக் கொட்டுகிறார்கள். அரசு நடுநிலைப் பள்ளியிலேயே அதைத் தொடங்கலாம் என்ற யோசனையை வரவேற்கிறோம். ஆனால் கட்டாயப் பாடமாக வேண்டாம், விருப்பப் பாடமே போதும்.

கணக்கைப் பாருங்கள். முதல் படியான ஏ1 அளவுக்கு 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை வேண்டும் என்கிறது ஜெர்மன் மொழி கற்பித்துத் தேர்வு நடத்தும் கோத்தே இன்ஸ்டிட்யூட். வாரம் 2 பீரியட் என்றால் தேர்வு, விழா, மழை விடுமுறை போக ஆண்டுக்கு 60 கிடைக்கும். 6 முதல் 8 வரை 180. பெரும்பாலும் ஏ1 எட்டலாம், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

சிக்கல் வருவது ஒன்பதாம் வகுப்பில். உயர்நிலைப் பள்ளியில் அந்த மொழி இல்லாவிட்டால் ஓராண்டில் பாதி மறந்துவிடும். ஆகவே தக்கலை, மார்த்தாண்டம், குலசேகரம் பகுதிகளில் உயர்நிலைப் பள்ளியையும் அதற்கு மாணவரை அனுப்பும் நடுநிலைப் பள்ளிகளையும் ஒரே தொகுப்பாக்கி, ஓர் ஆசிரியரைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். பேச்சுப் பயிற்சிக்கு ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் கூடாது. 40 பேர் இருந்தால், ஆசிரியர் பேசும் நேரம் போக, ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூடக் கிடைக்காது. உச்சரிப்பை முதல் மாதமே திருத்த வேண்டும்: உதட்டை 'ஊ'வுக்குக் குவித்து 'ஈ' சொன்னால் தமிழில் இல்லாத ஜெர்மன் 'ü' ஒலி வந்துவிடும். பீரியடைத் தமிழிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ எடுக்கவே கூடாது. மதிப்பெண்ணை மொத்தத்தில் சேர்க்காமல் தனிச் சான்றிதழாகக் கொடுங்கள்.

மொழியாசிரியர்கள் சிலர்,
தக்கலை