ஷெட்டில் கிடக்கும் காருக்கு உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் வைக்கோல் கொட்டகைகளிலும் தொழுவங்களிலும் பல வருடம் கிடந்து வெளியே வரும் மசில் கார்கள், அதாவது பெரிய இஞ்சின் வைத்த பழைய வேகக் கார்கள் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சேலத்தில் முப்பத்தெட்டு வருடமாக டிங்கரிங், பெயிண்டிங் வேலை செய்கிறவன் நான். கட்டுரை முழுக்கப் பிடித்தது, ஒரு இடம் தவிர. இப்படிக் கிடைக்கும் வண்டியைப் புதுசு போல ஆக்கிவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை என்று எழுதியிருந்தீர்கள். அது சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்த வண்டிகள் மேல் எனக்கும் தீராத ஆசை உண்டு. 1964-ல் வந்த பான்டியாக் ஜிடிஓவில், நடுத்தர அளவு வண்டிக்குள் சுமார் 6.4 லிட்டர் வி8 இஞ்சினை இறக்கினார்கள். எட்டு சிலிண்டரில் ஒரே ஒரு சிலிண்டர், நம் மாருதி 800-ன் மொத்த இஞ்சினுக்குச் சமம்! இன்சூரன்ஸ் கட்டணம் ஏறியது, 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோலும் எட்டாமல் போனது. கட்டுப்படியாகாதவர்கள் வண்டியைக் கொட்டகையில் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். இன்று அதையெல்லாம் தேடி அலைகிறார்கள். ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் ஒரு படத்தில் ஓட்டிய 1968 பச்சை ஃபோர்டு மஸ்டாங் கார், மங்கிய பெயிண்டும் துருவுமாக அப்படியே 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்து 34 லட்சம் டாலருக்குப் போனது. கமிஷன் தனி. ஓடுவதற்கு இஞ்சின் வேலை பார்த்திருந்தார்கள், உடம்பில் கை வைக்கவில்லை.

ஏன் அந்த விலை? படத்தில் வந்த வண்டி என்பது ஒரு காரணம், அசலாக இருந்தது இன்னொரு காரணம். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். கம்பெனியில் அடித்த பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டால் அதே பெயிண்டை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. செக்கிங் பார்த்தவர் சாக்பீஸில் போட்ட டிக், கதவு மடிப்பில் வழிந்து காய்ந்த துளி, போல்ட் தலையில் வைத்த பொட்டு, எல்லாம் அதோடு போய்விடும். அதற்குப் பிறகு அது என் கைவேலை. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் என் கைவேலைதான்.

இதை நான் லேசில் கற்றுக்கொள்ளவில்லை. 1996-ல் அஸ்தம்பட்டியில் ஒரு குடும்பம் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்கிற பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். வீட்டுப் பெரியவர் காலமாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் வண்டியைப் புதுசாக்கித் தரவேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஆசை. தகடு வெள்ளையாகும் வரை சுரண்டி, பட்டி பார்த்து, ஏழு கோட் அடித்தேன். கண்ணாடி மாதிரி நின்றது. டெலிவரி அன்று அந்த அம்மா வந்தார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். டிரைவர் கதவு பக்கம் வந்து, ஜன்னல் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "ஏன் தம்பி, அவர் கை வெச்சிருந்த எடம் எங்க?" என்றார்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கதவின் மேல் விளிம்பில் உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் தேய்ந்து, பிரைமர் தேய்ந்து, தகடே வழவழப்பாகத் தெரிந்தது. இருபத்தைந்து வருடம் முழங்கையை வைத்து ஓட்டியதால் விழுந்த தேய்மானம். அதன்மேல் முதல் ஆளாகப் பட்டி வைத்தவன் நான். அந்த அம்மா ஒரு சொல் குறை சொல்லவில்லை. கூலியை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போனார். எனக்கு இன்று வரை ஆறவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் ஏற்காட்டில் நாகலூர் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டுக்குக் கூப்பிட்டார்கள். காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினை அடுத்த தகர ஷெட்டில், காலிச் சாக்குகளுக்குப் பின்னால், இன்னொரு ஹெரால்டு. 1987-லிருந்து அசையவில்லையாம். டயர் நான்கும் மண்ணில் புதைந்திருந்தன. காபித் தொலியில் எலி கூடு கட்டியிருந்தது. வெளிர் நீல நிறம், தூசிக்கு அடியில்.

இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: ஹெரால்டு மெட்ராஸில் தயாரான வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டைத் தழுவி 1961-லிருந்து செய்தார்கள். 948 சிசி இஞ்சின், அவ்வளவுதான். ஆனால் பானெட்டைத் திறந்தால் முன்பக்க மட்கார்டோடு சேர்ந்து முழு மூக்கும் முன்னால் சாயும், வேலை செய்ய அவ்வளவு வசதி. இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிற ஊரில் அதைவிட என்ன வேண்டும்?

ஈரத்துணியால் மட்டும் துடைத்தேன். கூரைமேல் மெல்லிய கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தன. கேரியரில் ஆரஞ்சுக் கூடை கட்டிய கயிறு உரசியது என்று எஸ்டேட் பெரியவர் சொன்னார். டிக்கி மூடியைத் தூக்கி டார்ச் அடித்தபோது உள்பக்கத்தில் பென்சில் எழுத்து. மிளகு மூட்டைக் கணக்கு, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரு கூட்டல் தப்பாகி, அடித்துவிட்டு, பக்கத்தில் திருத்தி எழுதியிருந்தது. அந்தப் பென்சில் எழுத்தை எந்தக் கெமிக்கலும் படாமல் காப்பாற்ற வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

பெங்களூரில் இருக்கும் பேரன் போனில், "அண்ணா, செக்கச்செவேல்னு ஷோரூம் வண்டி மாதிரி பண்ணிடுங்க, எவ்ளோ ஆனாலும் பரவால்ல" என்கிறார். நல்ல பையன், தாத்தா மேல் பாசத்தில்தான் கேட்கிறார். நான் ஒத்துக்கொள்ளவில்லை.

ஓடுவதற்கு வேண்டியதைச் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறேன். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் விட்டு ஊறவைத்தேன். எடுத்ததும் பேட்டரி போட்டு செல்ஃப் அடித்தால் பிஸ்டன் ரிங் உடைந்துவிடலாம், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். ஐந்தாம் நாள் கையால் சுற்றும்போது இஞ்சின் அசைந்தது. டேங்கில் பிசினாகிப்போன பெட்ரோலை எடுத்தாயிற்று. பிரேக் ரப்பர், ஹோஸ், எலி கடித்த ஒயர், டயர் எல்லாம் புதுசு. தரையில் ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும் தகடு வைத்து வெல்டிங். மற்ற இடத்துத் துருவுக்கு எண்ணெய் பூசி மேலும் பரவாமல் நிறுத்தினால் போதும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. சேஸ் என்கிற அடிச்சட்டம், பாடி, இஞ்சின் மூன்றிலும் பெரிய மாற்றம் செய்யாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். புதிதாகப் பதிவு செய்தால் விஏ வரிசை நம்பர், கட்டணம் 20,000 ரூபாய். ஆகவே காகிதம் கிழிந்திருந்தாலும், நம்பர் பிளேட் துருப்பிடித்திருந்தாலும் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். சேர்வராயன் மலை எஸ்டேட் ஷெட்டுகளிலும் கீழே ஊருக்குள் பழைய வீடுகளிலும் இன்னும் எத்தனை நிற்கிறதோ. தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள், பனி இறங்கும் இடத்தில் ஈரம் உள்ளேயே தங்கித் தகட்டைத் தின்றுவிடும். பழைய பருத்தி வேட்டி போதும்.

ஹெரால்டு இப்போதும் அந்த ஷெட்டில்தான் நிற்கிறது. பெயிண்ட் விஷயத்தைப் பங்குனிக்குள் முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். எஸ்டேட் பெரியவர் உங்கள் பத்திரிகைதான் படிக்கிறார், தினமும் பஸ்ஸில் மேலே போகிறது. அதற்குள் இந்தக் கடிதத்தைப் போட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு டிங்கரிங் தொழிலாளி,
கன்னங்குறிச்சி, சேலம்.