அறிவியல் நாளில் மாணவர்கள் ஒளியைப் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் பிப்ரவரி 28 நெருங்கும்போது பள்ளிகளில் தேசிய அறிவியல் நாளுக்கான ஏற்பாடுகள் தொடங்கிவிடுகின்றன. பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி, வினாடி வினா, தெர்மாகோல் மாதிரிகள், சர் சி.வி. இராமன் படத்துக்கு மாலை என்று அந்த நாள் நிறைவாகவே கழிகிறது. அதன் படங்கள் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கங்களிலும் இடம்பெறுகின்றன. இவற்றில் எதையும் நான் குறைகூற வரவில்லை. ஆயினும், ஒளியைப் பற்றிய ஒரு கண்டுபிடிப்பின் நினைவாகக் கொண்டாடப்படும் நாளில் மாணவர்கள் ஒளியை ஒருமுறைகூட உற்றுப் பார்க்காமல் வீடு திரும்புவது, மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்குப் பெரும் குறையாகவே படுகிறது. அந்த நாளையும், முடிந்தால் அந்த வாரம் முழுவதையும், கண்ணால் பார்த்துக் கையால் அளக்கும் நாட்களாகப் பள்ளிகள் மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இராமன் 1928-இல் கொல்கத்தாவில் செய்த ஆய்வே இதற்குச் சரியான முன்மாதிரி. திருச்சியில் பிறந்த அவரும், வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் அப்போது பயன்படுத்திய ஒளிமூலம் சூரியன். 18 செ.மீ. விட்டமும் 230 செ.மீ. குவியத் தொலைவும் கொண்ட தொலைநோக்கி லென்சு ஒன்றினால் சூரிய ஒளியைக் குவித்து, இன்னொரு சிறிய லென்சின் வழியாக அதைத் தூய்மையாக்கப்பட்ட திரவத்துக்குள் செலுத்தினார்கள். ஒளி வரும் வழியில் ஊதாநிற வடிகட்டி ஒன்று இருந்தது. அது விடும் ஒளியை முழுவதுமாகத் தடுத்துவிடும் மஞ்சள்பச்சை வடிகட்டி ஒன்றும் அவர்களிடம் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒளியின் வழியில் வைத்தால் திரவம் இருண்டுவிடும். இரண்டாவது வடிகட்டியைத் திரவத்துக்கும் கண்ணுக்கும் நடுவே மாற்றி வைத்தபோதோ, திரவத்தினுள் மங்கலான ஒளிக்கீற்று எஞ்சி நின்றது. உள்ளே சென்ற ஒளியின் நிறம் திரவத்தினுள் மாறாமல் இது நிகழ வாய்ப்பில்லை. அந்தக் கீற்றைக் கண்டறிந்த கருவி, இருட்டுக்குப் பழகிய மனிதக் கண். 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு அடிப்படையாக இருந்த சோதனையைப் பத்தாம் வகுப்பு மாணவருக்கு இவ்வளவு எளிமையாக விளக்கிவிட முடியும் என்பதை நாம் ஏன் பயன்படுத்திக்கொள்வதில்லை?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ஒளியியல் தனி அலகாகவும், பன்னிரண்டாம் வகுப்பில் கதிர் ஒளியியல், அலை ஒளியியல் என்று இரண்டு அலகுகளாகவும் உள்ளது. பாடங்களில் குறையில்லை. ஆனால் நாம் அவற்றைக் கதிர்ப்படத்திலிருந்து தொடங்குகிறோம். அம்புக்குறியிட்ட இரண்டு கோடுகள் லென்சைக் கடந்து சந்திக்கும் படத்தை மாணவர் பிழையின்றி வரைகிறார், மதிப்பெண்ணும் பெறுகிறார், ஆனால் அந்தக் கோடுகளுக்கும் தாம் பார்க்கும் உலகுக்கும் உள்ள உறவு அவருக்குத் தெரியாமலே போகிறது. தொடக்கம் கண்ணிலிருந்து, அதிலும் கண் ஏமாறும் இடங்களிலிருந்து இருக்க வேண்டும் என்பது என் அனுபவத்தில் உறுதிப்பட்ட கருத்து.

வெள்ளைத் தாளில் ஒரு கூட்டல் குறியும், அதற்கு வலப்புறம் 8 செ.மீ. தள்ளி மிளகளவு கரும்புள்ளி ஒன்றும் இடச் சொல்லுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்த்தபடி தாளை மெல்ல முகத்தருகே கொண்டுவந்தால், சுமார் 30 செ.மீ. தொலைவில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை என்பதும், அதன் பெயர் குருட்டுப்புள்ளி என்பதும் பாடத்தில் படித்தவையே. மாணவரை அசைத்துப் பார்ப்பது அடுத்த படிதான். புள்ளியின் மீது பென்சிலால் ஒரு நீண்ட கோட்டை வரைந்துவிட்டு மறுபடியும் பார்க்கச் சொன்னால், புள்ளி மறைகிறது, ஆனால் கோடு அறுபடாமல் தொடர்கிறது. இல்லாத கோட்டை அங்கே இழுத்தது யார்? வகுப்பில் இந்தக் கேள்வி எழும் நொடியிலிருந்து, ஒளி கண்ணுக்குள் வருவது வேறு, நாம் பார்ப்பது வேறு என்ற அறிவு அவர்களுக்குள் வேரூன்றிவிடுகிறது.

இங்கே ஆசிரியர்கள் ஒரு வேறுபாட்டை வற்புறுத்த வேண்டும். கோடை வெயிலில் நெடுஞ்சாலையில் தண்ணீர் தேங்கியதுபோல் தெரிவதும், 1889-இல் முல்லர்-லையர் வரைந்த சமநீளக் கோடுகள், நுனியில் உள்ள அம்புகளால் நீண்டும் குறுகியும் தெரிவதும் ஒரே வகையான ஏமாற்றம் அல்ல. முன்னதில் ஒளியே வளைந்து வருகிறது. கேமராவில் எடுத்தாலும் அந்தத் 'தண்ணீர்' படத்தில் பதிவாகும். பின்னதில் ஒளி நேர்மையாகவே வருகிறது, படத்தில் அளந்து பார்த்தால் கோடுகள் சமமாகவே இருக்கின்றன, பிழை நம் மூளையின் கணக்கில் நேர்கிறது. அளந்த பிறகும் அந்தக் கோடுகள் சமமில்லாமலே தெரிவது இதன் சிறப்பு. எட்வர்ட் ஏடெல்சன் 1995-இல் உருவாக்கிய சதுரங்கப் பலகைப் படமும் இவ்வகைதான். நிழலில் உள்ள வெளிர்கட்டமும் வெளிச்சத்தில் உள்ள கருங்கட்டமும் ஒரே சாம்பல் நிறம் என்பதை, அட்டையில் இரண்டு துளையிட்டு மற்றவற்றை மறைத்தால்தான் நம்ப முடியும். அடிவானத்து முழுநிலவு பெரிதாகத் தெரிவது எந்த வகை என்று மாணவர்களிடமே விட்டுவிடலாம். செல்பேசியில் ஒரே அளவு ஜூம் வைத்து மாலையில் ஒன்றும் நள்ளிரவில் ஒன்றும் படமெடுத்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும். செல்பேசி இல்லாத பிள்ளைக்கு, நீட்டிய கையின் சுண்டுவிரல் நகமே போதும். இரண்டு வேளையிலும் அது நிலவை முழுதாக மறைத்துவிடும்.

கண்ணை நம்பக்கூடாது என்று தெரிந்த பிறகு அளவீட்டின் மீது பசி வருகிறது. அதைத் தணிக்க விலையுயர்ந்த கருவிகள் எதுவும் தேவையில்லை. புங்கமரத்தடியில் விழும் வட்ட வட்டமான வெயில் பொட்டுகள் இலைகளின் இடைவெளி வடிவம் அல்ல, சூரியனின் பிம்பங்கள். 2019 டிசம்பர் 26-இல் கோவை, திண்டுக்கல், திருச்சி வழியாகக் கங்கண சூரிய கிரகணம் கடந்துசென்றபோது மரத்தடிப் பொட்டுகள் வளையங்களாக மாறியதைப் பார்த்தவர்கள் அதை மறக்கமாட்டார்கள். ஒரு சிறிய கண்ணாடியின் மீது ஒரு செ.மீ.க்கும் குறைவான துளையிட்ட காகிதத்தை ஒட்டி, வெயிலை இருண்ட அறையின் சுவரில் விழச் செய்து, 10 மீட்டர் தொலைவில் தோன்றும் வட்டத்தை அளந்தால் 9 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இருக்கும். சூரியனின் தொலைவு 15 கோடி கி.மீ. என்பதைக் கொண்டு வடிவொத்த முக்கோணக் கணக்குப் போட்டால் சூரியனின் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கி.மீ. என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். (சூரியனையோ, கண்ணாடியில் தெரியும் அதன் பிம்பத்தையோ ஒருபோதும் நேராகப் பார்க்கக்கூடாது என்பதைச் சோதனைக்கு முன்பே கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும்.)

அடுத்து ஜியாமெட்ரி பாக்ஸ். பழுதான கால்குலேட்டரின் திரையிலிருந்து உரித்தெடுத்த தளவிளைவுப் படலத்தை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் படலத்தை)க் கண்முன் பிடித்து, மடிக்கணினியின் வெள்ளைத் திரைக்கும் அதற்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலையோ பாகைமானியையோ வைத்துப் படலத்தைச் சுழற்றிப் பாருங்கள். நிறமற்ற அந்த ஸ்கேலுக்குள் ஊதாவும் பச்சையும் இளஞ்சிவப்புமாக வரிகள் ஓடும். துளைகளையும் மூலைகளையும் சுற்றி அந்த வரிகள் நெருக்கமாக இருக்கும். அச்சில் வார்த்தபோது பிளாஸ்டிக்கில் தங்கிவிட்ட தகைவை, அதாவது உள்ளிறுக்கத்தை, அவை காட்டுகின்றன. ஸ்கேலை இலேசாக வளைத்தால் நிறங்கள் இடம்பெயர்வதையும் காணலாம். பாலம், எந்திரப் பகுதி போன்றவற்றின் மாதிரிகளைப் பிளாஸ்டிக்கில் செய்து, எந்த இடத்தில் சுமை குவிகிறது என்று பொறியாளர்கள் இம்முறையில்தான் கண்டறிந்தார்கள். தளவிளைவு என்ற சொல்லை மனப்பாடம் செய்த மாணவருக்கும், நாள்தோறும் கையில் வைத்திருந்த ஸ்கேலில் அதைக் கண்ட மாணவருக்கும் உள்ள இடைவெளியை வகுப்பறையில் நின்றவர்கள் அறிவார்கள்.

இதற்குப் பிறகு தொழில்நுட்பத்துக்குப் போவது இயல்பாக நிகழும். பழைய சி.டி. ஒன்றைச் சாய்த்துப் பிடித்து டியூப்லைட்டைப் பார்த்தால் தனித்தனி நிறப்பட்டைகளும், எல்.இ.டி. பல்பைப் பார்த்தால் தொடர்ச்சியான நிறமாலையில் நீலம் தூக்கலாகவும் தெரியும். பழுதான எல்.இ.டி. பல்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் பொட்டுகள் இருக்கும். நீல ஒளிதரும் சில்லின் மீது மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசித்தான் வெள்ளொளி பெறப்படுகிறது. அந்த நீலத்தை உருவாக்கியதற்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மில்லிவாட்டுக்கு மிகாத சிவப்பு லேசர் முனையின் குறுக்கே தலைமுடி ஒன்றை ஒட்டி, 2 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் விழும் இருள்பட்டைகளின் இடைவெளியை ஸ்கேலால் அளந்தால், அது 2 செ.மீ. எனில் முடியின் தடிமன் 0.065 மி.மீ. என்று கணக்கு வரும். ஒளியின் அலைநீளத்தைக் கொண்டு முடியை அளக்கும் அந்தப் பிள்ளைக்கு, 1960 மே 16-இல் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டிய செய்தி வெறும் ஆண்டுக்குறிப்பாக இருக்காது.

ஒளியைக் கடத்தும் கண்ணாடி நூலான ஒளியிழைக்கும் இதே வழிதான். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டிலின் பக்கவாட்டில் துளையிட்டு, எதிர்ப்புறத்திலிருந்து லேசரைச் செலுத்தினால், வளைந்து விழும் நீர்த்தாரையோடு ஒளியும் வளைந்து போகும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்டு 2020-இல் பயன்பாட்டுக்கு வந்த கேபிளிலும், வெளியே கசியாமல் ஒளி உள்ளுக்குள்ளேயே திரும்பத் திரும்ப எதிரொளிக்கும் முழு அக எதிரொளிப்பே ஒளியைக் கொண்டு செல்கிறது. அதோடு நிறுத்திவிடாமல், சன்னல் கண்ணாடியின் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள், கரும்பச்சையாக இருக்கும். கண்ணாடியில் கலந்துள்ள இரும்பே அதற்குக் காரணம். ஒளியைத் தின்பது கண்ணாடி அல்ல, அதிலுள்ள மாசு என்று 1966-இல் சார்லஸ் காவ் எடுத்துக்காட்டிய பிறகே நெடுந்தொலைவு ஒளியிழை சாத்தியமாயிற்று.

மாணவரின் வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஒளியியலையும் மறந்துவிடக்கூடாது. கண்புரை அறுவை முடிந்த தாத்தா பாட்டிகள் ஒரு காலத்தில் சோடாபுட்டிக் கண்ணாடி அணிந்து திரிந்தார்கள். போர் விமானிகளின் கண்ணில் தைத்த அக்ரிலிக் சில்லுகள் கண்ணை உறுத்தாமல் இருப்பதைக் கவனித்த கண் மருத்துவர் ஹாரல்டு ரிட்லி, 1949-இல் அதே பொருளாலான லென்சைக் கண்ணுக்குள்ளேயே வைத்தார். வெளிநாட்டிலிருந்து மிகுந்த விலைக்கு வந்துகொண்டிருந்த அந்த லென்சை, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்த ஆரோலேப் 1992 முதல் இங்கேயே குறைந்த விலையில் செய்து வருகிறது. ஏறத்தாழ 6 மி.மீ. அகலமுள்ள அந்த லென்சுக்கு எத்தனை டயாப்டர் திறன் வேண்டும் என்று கணக்கிடுவது, பத்தாம் வகுப்பு லென்சுச் சமன்பாட்டின் நேரடிப் பயன்பாடு. எங்கள் மாவட்டத்துக் கொடைக்கானலில் 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியக் கரும்புள்ளியின் நிறமாலையைப் பிரித்து, அதில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டறிந்த ஆய்வகம் இருக்கிறது. சுற்றுலா செல்லும் பள்ளிப் பேருந்துகள் ஏரியோடு திரும்பிவிடாமல் அங்கும் நிற்க வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய நிதி தேவைப்படாது. பல பள்ளிகளில், ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானியும் கீற்றணியும் செய்முறைத் தேர்வு நாட்களில் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வருகின்றன. உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தில் ஆசிரியர்கள் பூட்டி வைக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. மாணவர் கையில் உடைந்த லென்சுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினாலே பாதிப் பூட்டுகள் திறந்துவிடும். 2022-இல் திருச்சியில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களைக் கருத்தாளர்கள் வழியாகச் சோதனை செய்ய வைக்கிறது. ஒளியியல் கனம் கூடுவது 9, 10-ஆம் வகுப்புகளில்தான் என்பதால், அங்கும் அதை விரிவுபடுத்த வேண்டும். பொதுத்தேர்வில், மாணவர் செய்து பார்த்திருந்தால் மட்டுமே விடையளிக்கக்கூடிய வினா ஒன்றாவது ஒளியியல் பகுதியில் இடம்பெற வேண்டும். தேர்வில் கேட்கப்படாத எதுவும் வகுப்பில் நிலைக்காது என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. சிறுவர் பக்கத்தில் வாரம் ஒரு காட்சிப்பிழைப் படத்தை, அதை எப்படி அளந்து சரிபார்ப்பது என்ற இரண்டு வரிக் குறிப்புடன் வெளியிடுங்கள். முதல் வாரத்துக்குக் குருட்டுப்புள்ளிச் சோதனையையே பரிந்துரைக்கிறேன். 8 செ.மீ. இடைவெளியில் ஒரு கூட்டல் குறியும் ஒரு கரும்புள்ளியும் மூன்று பத்தி அகலத்துக்குள் அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.