சிபில் பார்க்க எங்களைக் கடைக்கு அனுப்பாதீர்கள்

குமுளி, வண்டிப்பெரியாறு வட்டார வங்கிக் கிளை மேலாளர்களுக்கு,

வணக்கம். வீடு கம்பத்தில், ஏலக்காய்க் கடை குமுளியில் என்று தினமும் மலையேறி இறங்குகிறவன் நான். போன வருஷம் பழைய ஜீப் ஒன்று வாங்க லோன் கேட்டுப் போனேன். உங்களில் ஒருவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "சிபில் சரியில்லை, பார்த்துட்டு வாங்க" என்றார். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் மதிப்பெண்ணைத்தான் பேச்சில் சிபில் என்கிறார்கள். எங்கே பார்ப்பது, என்ன சரியில்லை என்று சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றதால் நானும் கேட்கவில்லை.

எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில் 612 என்ற எண் மட்டும்தான். பிறகு போனில் ஏதோ ஒரு தளத்துக்குச் சந்தா கட்டினேன். மூன்று மாதம் தானாகப் பணம் போயிருந்தது பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது.

விஷயத்தை உடைத்துச் சொன்னது அண்ணன் மகள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என நம் கடன் விவரங்களைப் பதிந்து மதிப்பெண் போடும் நிறுவனங்கள் நாட்டில் நான்கு. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் இந்த உத்தரவு 2017 முதல் நடப்பில் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பார்த்தால் வருடம் முழுக்கச் செலவே இல்லை. நம்முடையதை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று ஜீப் ஸ்டாண்டில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் பொய்.

வீட்டு லோன் எடுக்கப்போகிறவர் மாதாமாதம் பார்க்க நினைத்துக் காசு கட்டினால் அது அவர் விருப்பம். என்னைப் போன்றவனுக்கு அது தண்டச்செலவு. 300க்கும் 900க்கும் நடுவே நிற்கும் அந்த எண்ணை வைத்து என்ன செய்வது? கோளாறு எங்கே என்பது முழு அறிக்கையில்தான் தெரியும்.

என் அறிக்கையில் எனக்கே இரண்டு பெயர், இரண்டு முகவரி. கம்பத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும். மலையேறிக் கேரளத்துக்குள் போனால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் குளறுபடியில், எப்போதோ திருப்பிவிட்ட நகைக்கடன் இன்னும் நிலுவையில் நின்றது. அறிக்கை தந்த நிறுவனத்திடமே புகார் பதிந்தேன். திருத்த ஒரு பைசா கேட்கவில்லை. 30 நாளைத் தாண்டி இழுத்தால் நாளுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும் என்றும் விதி இருக்கிறதாம். எனக்கு அதற்குள் முடிந்துவிட்டது. ஜீப்தான் வேறு கைக்குப் போய்விட்டது.

தோட்ட வேலைக்கு வரும் பெண்கள் குழு லோனுக்காக உங்களிடம் வருகிறார்கள். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர்களை "சிபில்" என்ற ஒற்றைச் சொல்லோடு திருப்பி அனுப்பாதீர்கள். எந்தக் கடன், எந்த வருஷத்து பாக்கி என்று திரையில் உங்களுக்குத் தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். இலவச அறிக்கை எங்கே கிடைக்கும் என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாள் ஒட்டுங்கள். வட்டி விகிதப் பலகைக்குப் பக்கத்துச் சுவர் காலியாகத்தான் இருக்கிறது, நேற்றும் பார்த்தேன்.

இப்படிக்கு,
குமுளி ஏலக்காய் வியாபாரி ஒருவன்