போனில் சொல்ல ஏலாதது

முள்ளியவளை,
ஞாயிறு இரவு

அன்பு மகளுக்கு,

நான் சுகம். நீயும் மருமகனும் பிள்ளைகளும் சுகமாய் இருக்க வற்றாப்பளை அம்மன் துணை. இரண்டு நாளாய் மழை விட்டிருக்கிறது, கிணற்றில் தண்ணீர் மேலே நிற்கிறது.

போன முறை வந்தபோது மருமகன் பென் டிரைவில் ஏற்றித் தந்துவிட்டுப் போன 'ட்வின் பீக்ஸ்' என்ற அமெரிக்க டிவி நாடகத்தை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கிறேன். "உங்களுக்கு விளங்காது அம்மா, தலை சுத்தும்" என்று நீ சொன்னாய். முப்பது வருஷம் இங்கிலீஷ் படிப்பித்தவள் என்றாலும் சில இடங்களில் சுற்றத்தான் செய்தது. சிவப்புத் திரை தொங்குகிற அறைக்குள் ஆட்கள் பின்பக்கமாய்க் கதைக்கிறார்கள். ஒருவர் முள்ளுக்கரண்டியைக் கொண்டுபோய்ச் சுவர் பிளக்குக்குள் குத்துகிறார். சரி, அதெல்லாம் இருக்கட்டும். 2017இல் திரும்ப எடுத்த தொடரின் 15ஆவது பகுதியை நேற்றுப் பார்த்தேன். பிறகு எனக்கு நித்திரை வரவில்லை.

மரக்கட்டை ஒன்றைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு திரிகிற மார்கரெட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். 1990இல் வந்த பழைய பகுதிகளில் அவள் வந்தபோது நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். எனக்கு அன்றைக்கே சிரிப்பு வரவில்லை. கட்டை தன்னோடு பேசுகிறது, அது கண்டதைத்தான் தான் சொல்கிறேன் என்கிறாள். மகள், வைகாசிப் பொங்கலுக்குச் சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வந்து, நம்முடைய காட்டு விநாயகர் கோயிலில் அந்த உப்புத் தண்ணீரில் விளக்கு எரிக்கிறார்கள். அந்த விளக்கை நீ என் இடுப்பில் இருந்து பார்த்திருக்கிறாய். எண்ணெய் எங்கே என்று நீ ஒரு நாளும் கேட்கவில்லை, கும்பிட்டாய். கட்டை பேசுகிறது என்று ஒரு மனுசி சொன்னால் நானும் அப்படியே கேட்டுக்கொள்வேன். அவளுடைய புருஷன் மரம் வெட்டுகிறவன், கலியாணம் முடித்த கையோடு நெருப்பில் செத்துப்போனவன். அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அந்தக் கட்டையைப் பார்த்து யாருக்குச் சிரிப்பு வரும்?

இந்தப் பகுதியில் அவள் ராத்திரியில் ஹாக்குக்குப் போன் எடுக்கிறாள். ஹாக் பொலிஸ்காரன், அந்த மண்ணின் பழங்குடி ஆள். தலைமயிர் கொட்டி, மூக்கில் ஒட்சிசன் குழாய் வைத்து, மடியில் கட்டையோடு இருக்கிறாள். நான் சாகப்போகிறேன் என்கிறாள். சாவு ஒரு மாற்றம்தான், முடிவல்ல என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் விட்டுப்போகக் கொஞ்சம் பயமாய் இருக்கிறது என்கிறாள். பிறகு ஒன்று சொல்கிறாள் பார், அதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது: போனில் இதற்கு மேல் சொல்ல முடியாது, முகம் பார்த்துக் கதைத்த நாட்களில் நான் சொன்னதை வைத்து நீ விளங்கிக்கொள். ஹாக் குறுக்கே ஒரு கேள்வி கேட்கவில்லை. கடைசியில் குட் நைட் மார்கரெட் என்கிறான். போனை வைத்துவிட்டு, அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தபிறகு, குட் பை மார்கரெட் என்கிறான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய வீட்டு ஜன்னலில் வெளிச்சம் மெல்ல அணைகிறது.

போனில் தேடிப் படித்தேன். மார்கரெட்டாய் நடித்த காதரின் கூல்சன் அந்தக் காட்சி எடுக்கும்போது உண்மையிலேயே புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் இருந்தாராம். எடுத்த சில நாட்களில், 2015 செப்டம்பர் 28இல், போய்விட்டார். அது ஒளிபரப்பானபோது இரண்டு வருஷம் ஆகிவிட்டது. 2017 தொடரின் முதல் பகுதியை நடிகையின் நினைவுக்குக் கொடுத்திருக்கிறார் அதை எடுத்த டேவிட் லிஞ்ச். 15ஆவது பகுதியின் முடிவிலோ மார்கரெட்டின் நினைவுக்கு என்று போடுகிறார். கதைக்குள் மட்டும் வாழ்ந்த ஒரு மனுசிக்கும் ஒரு அந்தியேட்டி செய்த மாதிரி இருந்தது எனக்கு. நல்ல மனுசன், இனி அவரும் இல்லை.

அப்பாவின் சீவுளி என் தலைமாட்டில் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதை ஏன் அம்மா படுக்கையில் வைக்கிறீங்கள், பூச்சி வரும்" என்று நீ கேட்டாய். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. 2008 கடைசியில் சண்டையால் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது தையல் மெஷினை விட்டோம், ஆல்பங்களை விட்டோம். புதுக்குடியிருப்பில் பாத்திரங்களையும் விட்டோம். மாத்தளனுக்கும் பிறகு செட்டிகுளம் முகாமுக்கும் அந்தச் சீவுளி அரிசிப் பைக்குள் வந்தது. திரும்பி வந்து, வீட்டுத் திட்டத்தில் இந்தியா தந்த 550,000 ரூபாயில் சுவர் எழும்பியதும், முன்கதவை அப்பா அதால்தான் சீவினார். முதிரைப் பலகை. சீவல் சுருள் சுருளாய் விறாந்தை முழுக்கக் கிடந்தது, கூட்ட மனம் வராமல் இரண்டு நாள் விட்டுவைத்தேன். சீவுளியின் பிடியில் அவருடைய பெருவிரல் இருந்த இடம் குழிந்து போயிருக்கிறது. என்னுடைய விரல் அதற்குள் ஆடும், அவ்வளவு பெரிய கை அவருக்கு. மாதம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் பூசுகிறேன், அலகு துருப்பிடிக்காமல். படுக்கப்போகும் முன் அன்றைக்கு நடந்ததை அதற்குச் சொல்கிறேன். கதவு இறுகுகிறது, மழைக்கு ஊதிவிட்டது என்று நேற்றும் சொன்னேன். இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

இப்போது நான் போனில் சொல்ல ஏலாமல் இருந்ததற்கு வருகிறேன். என்னைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் பத்திரம் நிரப்பப் பிறப்புச் சான்றிதழ் அனுப்புங்கோ என்று நீ நான்கு முறை கேட்டுவிட்டாய். நான்கு முறையும் "பார்ப்போம்" என்றேன். மகள், நான் வரவில்லை. உன்னில் கோபமில்லை, மருமகன் என்னைத் தன் தாயைப் போலப் பார்ப்பார், அதுவும் தெரியும். பேரப்பிள்ளைகளை நினைத்தால் வயிற்றுக்குள் என்னவோ செய்கிறது. ஆனால் டொரன்டோவில் உன் வீட்டு அறைக்குள் நான் யாரோடு கதைப்பேன்? இந்தக் கதவைத் திறந்து மூட ஆள் வேண்டும். எனக்கும் அந்த மார்கரெட்டைப் போலக் கொஞ்சம் பயம் இருக்கிறது, ராத்திரியில் நெஞ்சு படபடக்கும்போது பக்கத்தில் ஆளில்லையே என்று. அதை உன்னிடம் மறைக்கவில்லை. பக்கத்து வளவு மாமி கூப்பிட்டால் ஓடி வருவா. சுவருக்கு அந்தப் பக்கம்தான் படுக்கிறா.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ போன் எடுத்தால் "சரி அம்மா" என்று டக்கென்று வைத்துவிடுகிறாய். அங்கே வேலைக்கு ஓடுகிற நேரம், தெரியும். உனக்குக் காலை எட்டு மணி என்றால் எனக்குப் பின்னேரம், நான் விறாந்தையில் சும்மாதான் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையாவது, ஒன்றும் கதைக்க இல்லாவிட்டாலும், கொஞ்ச நேரம் வைக்காமல் இரு. நீ சமைக்கிற சத்தம் கேட்டால் போதும்.

இன்னும் மூன்று பகுதி மிச்சம் இருக்கிறது. இந்தக் கடிதம் கிடைத்து நீ போன் எடுத்த பிறகுதான் பார்ப்பேன். முடிவை எனக்குச் சொல்ல வேண்டாம் என்று மருமகனிடம் சொல்லி வை.

அன்புடன்,
அம்மா