பேசாத பிள்ளைகள் எழுதுகிறார்கள்

அன்புள்ள கலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மாடல் எக்ஸாம் பேப்பர் கட்டு மேஜையை அடைத்துக்கொண்டிருந்ததால் உடனே பதில் எழுத உட்கார முடியவில்லை. அம்மா நன்றாக இருக்கிறார். முழங்கால் வலி இருந்தாலும் தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்குத் தானே போய் மீன் பார்த்து வாங்கினால்தான் திருப்தி. உன் பெண் பிளஸ் டூ வந்துவிட்டாள் என்று சொன்னேன், நம்பவே இல்லை.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கல்லூரியில் மூடுல் என்ற ஆன்லைன் பாடத் தளம் போட்டு, ஒவ்வொரு பாடத்துக்கும் டிஸ்கஷன் போரம் திறந்து கொடுத்தும், 'குட் மார்னிங் மேடம்', 'நோட்ஸ் போடுங்க மேடம்' தவிர எதுவும் வருவதில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை என்று முடிவு கட்டிவிடாதே. முதலில் கேள்வியைப் பார். 'நீர் மாசுபாட்டின் காரணங்களை விவாதிக்க' என்றால் அதில் விவாதிக்க என்ன இருக்கிறது? கைடில் இருக்கிறது, சாட்ஜிபிடியிலும் இருக்கிறது. ஒருத்தி எடுத்து ஒட்டிவிட்டால் அடுத்தவளுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை.

இங்கே நான் முதலாண்டுப் பிள்ளைகளுக்குச் சுற்றுச்சூழல் பாடம் எடுக்கிறேன். 1991ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் எல்லாக் கல்லூரியிலும் கட்டாயமாக வந்த பாடம் என்று உனக்குத் தெரியும். பாஸ் பண்ணினால் போதும் என்று பலர் கடந்துபோகிற பாடமும் அதுதான். ஆனால் வடசென்னையில் அதை அப்படிக் கடந்துபோக முடியாது கலா. என் வகுப்பில் எண்ணூர்ப் பிள்ளை இருக்கிறாள், மணலிப் பையன் இருக்கிறான், கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகையில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்கு வந்ததே, அது இவர்களுக்குச் செய்தி இல்லை, வீட்டுக் கதை. அதனால் நான் இப்படிக் கேட்டேன்: 'அந்த எண்ணெய் வந்தபின் உங்கள் தெருவில், உங்கள் வீட்டு வருமானத்தில் என்ன மாறியது? வீட்டில் பெரியவர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள். ஒன்றும் மாறவில்லை என்றால் ஏன் மாறவில்லை என்று எழுதுங்கள்.'

வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், கடைசி பெஞ்சு, அட்டெண்டன்ஸுக்கு 'எஸ் மேடம்' சொல்வதோடு சரி. அவள்தான் முதலில் எழுதினாள். அப்பாவுக்கு நண்டு பிடிக்கிற தொழில். வலையில் ஒட்டிய எண்ணெய் எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, கடைசியில் வலையை அப்படியே தூக்கிப் போட்டார்கள், புது வலைக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது என்று எழுதியிருந்தாள். அதோடு நிற்கவில்லை. 'நண்டு திரும்ப வந்தாலும் எண்ணூர் நண்டு என்று சொன்னால் வாங்க யோசிக்கிறார்கள். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்?' என்று கேட்டாள். பாடப் புத்தகத்தில் இழப்பீடு பற்றி ஒரு பத்தி வரும். அந்தப் பத்தியைப் பிளந்துபோடுகிற கேள்வி இது.

இதற்கு மணலிப் பையன் பதில் போட்டான். அவன் அப்பா கம்பெனியில் காண்ட்ராக்ட் தொழிலாளி. 'கம்பெனியை மூடணும்னு எல்லாரும் ஈஸியா சொல்றீங்க, மூடினா எங்க வீட்டில அடுப்பு எரியாது' என்றான். அவள் மூடச் சொல்லவே இல்லை, அதை எடுத்துக் காட்டினாள். இன்னொருத்தி, கண்காணிப்பு யார் பொறுப்பு என்று தேடிப்பிடித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வேலை என்ன என்று எழுதினாள். அந்த யூனிட்டை நான் இன்னும் வகுப்பில் ஆரம்பிக்கவே இல்லை!

அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் வகுப்பில் ஏன் பேசவில்லை என்று யோசித்தால் நம் பக்கமும் பார்க்க வேண்டும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார் என்று தெரிந்தது. மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். எழுதும் இடத்தில் அந்த மூன்று விநாடி மூன்று நாளாகிறது. வீட்டில் கேட்கலாம், அடித்துத் திருத்தலாம், இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ என்ற பயம் வேண்டாம். நான் தமிழிலேயே எழுதச் சொல்லிவிட்டேன். டைப் பண்ண வராதவர்கள் போனில் பேசியே எழுத்தாக்கிவிடுகிறார்கள்.

நீயும் அவசரப்பட்டுப் பதில் போடாதே. மேடம் எழுதிவிட்டால் அதுதான் தீர்ப்பு, அப்புறம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் நடுவில் ஒரு கேள்வி மட்டும் போடுவேன், அதுவும் இரண்டு பேர் ஒரே இடத்தில் சுற்றும்போது. அதற்காகக் கண்டுகொள்ளாமலும் இருக்கக் கூடாது. அடுத்த வகுப்பில் நுழைந்ததும் அவர்கள் எழுதியதில் ஒன்றைப் படித்துக் காட்டித்தான் பாடத்தை ஆரம்பிக்கிறேன், எழுதியவரிடம் முன்பே கேட்டுவிட்டு. தங்கள் எழுத்து வகுப்புக்குள் வருகிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் எழுதுகிற விதமே மாறிவிட்டது.

ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். மூடுலில் 'க்யூ அண்ட் ஏ' என்று ஒரு வகை போரம் உண்டு. அதில் தான் எழுதாமல் மற்றவர் எழுதியதைப் பார்க்க முடியாது, எழுதியபின் திருத்தும் நேரம் முடிந்ததும்தான் திறக்கும். சாதாரணமாக அது அரை மணி நேரம். பார்த்து எழுதுவது பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். வகுப்பைச் சின்னக் குழுக்களாகப் பிரி. அறுபது பேர் எழுதியதை யாரும் படிக்க மாட்டார்கள். முதல் பதிவுக்குப் புதன், அடுத்தவருக்குப் பதில் எழுத ஞாயிறு என்று இரண்டு கெடு வை. ஒரே கெடு என்றால் எல்லாரும் கடைசி ராத்திரிதான் வருவார்கள், யார் யாருக்குப் பதில் சொல்வது? இன்டர்னல் மார்க்கில் பதிலுக்குத்தான் நான் அதிகம் தருகிறேன். 'சூப்பர்', 'நானும் அதையே நினைக்கிறேன்' இவற்றுக்கு மார்க் இல்லை.

ஆனால் கெடுவில் கல்லாக இருக்காதே. என் பையன்களில் சிலர் விடியுமுன் காசிமேட்டில் ஏலத்துக்கு நின்றுவிட்டு வகுப்புக்கு வருகிறார்கள். சில வீடுகளில் ஒரே போனில் மூன்று பேர் படிக்கிறார்கள். டேட்டா தீர்ந்தவன் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் நான் வாங்கிக்கொள்கிறேன், குழுவில் ஒருத்தர் ஏற்றிவிடுவார். அவனை விட்டுவிட்டு நடக்கிற விவாதம் எனக்கு வேண்டாம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். உன் பிள்ளைகளுக்குத் தாமிரபரணி, என் பிள்ளைகளுக்குக் கொசஸ்தலை. ஜூன் மாதம் புது செமஸ்டர் தொடங்கும்போது இரண்டு வகுப்புக்கும் சேர்த்து ஒரே கேள்வி போடலாமா? ஆற்றங்கரையில் வாழ்கிறவர்கள் அந்த ஆற்றை எதற்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள், எதற்குப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள் என்பது போல ஏதாவது. பாளையங்கோட்டைப் பிள்ளை எழுதியதற்கு எண்ணூர்ப் பிள்ளை பதில் எழுத வேண்டும். உங்கள் முதல்வரிடம் அனுமதி கேட்டு வை. கேள்வியை நீ எழுதி அனுப்பு, நான் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மா உன் பெண்ணுக்கு ஆசி சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
தேவி