ரம்புட்டான் மரத்துக்கு மீன்வலை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆனி பிறந்தால் குமரி மாவட்டத்தில் குலசேகரம், அருமனை, களியக்காவிளைப் பக்கத்துப் புரையிடங்களில் (வீட்டுத்தோட்டங்களில்) ரம்புட்டான் மரங்களுக்கு முக்காடு போட்டுவிடுவார்கள். பல வீடுகளில் அந்த முக்காடு கடற்கரையில் கழித்துப்போட்ட பழைய மீன்வலைதான். மலிவாகக் கிடைக்கிறது, மரம் முழுக்க மூடுகிறது. மறுநாள் காலையில் பார்த்தால் வலையில் சாரைப்பாம்போ கூகையோ சிக்கித் தொங்குகிறது. அணில் உள்ளே உட்கார்ந்து நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது. "அணில் தொல்லையா, வலை கட்டுங்கள்" என்று வீட்டுத்தோட்டக் குறிப்புகளில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எந்த வலை, எப்படிக் கட்டுவது என்பது அந்த ஒரு வரியில் இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

கடைக்குப் போகும் முன் திருடன் யார் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அணில் பகலில் மட்டும் வரும். பொழுது சாய்ந்தால் கூட்டுக்குப் போய்விடும். இருட்டியதும் மரத்தடியைப் பெருக்கி விடுங்கள். விடிவதற்குள் புதிதாகத் தோலும் கொட்டையும் கிடந்தால் அது அணில் வேலை இல்லை. அணில் ரம்புட்டான் தோலைச் சின்னச் சின்னத் துணுக்காகக் கடித்துத் துப்பும். சதையைச் சுரண்டித் தின்றுவிட்டுக் கொட்டையை அங்கேயே போடும். வௌவால் பழத்தைக் கவ்விக்கொண்டு போய் வேறொரு மரத்தில் தொங்கித் தின்னும். அதனால் ரம்புட்டான் கொட்டை பக்கத்து மாமரத்தடியில் குவிந்து கிடக்கும். கூடவே சாறு உறிஞ்சித் துப்பிய சக்கை, விரல் நுனி அளவில் காய்ந்த உருண்டையாகக் கிடைக்கும். மரநாய் வந்திருந்தால் மதில்மேல் எச்சத்தில் முழுக் கொட்டை இருக்கும். கொக்கோவில் இன்னும் சுலபம். காம்பை ஒட்டி ஓட்டை என்றால் எலி, காயின் நடுவில் ஓட்டை என்றால் அணில். எலி பிஞ்சையும் விடாது. அணில் பழுத்ததைத்தான் தொடும்.

"அணில் கடித்த பழம் இனிக்கும்" என்று கொய்யாவைத் துடைத்துத் தின்னும் பழக்கம் நம்மிடம் உண்டு. பழுத்ததைத் தேடி அணில் கடிக்கிறது, அதனால் அது இனிப்பது நிஜம்தான். ஆனால் கடித்தது அணிலா வௌவாலா என்று பழத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா காய்ச்சல் வந்ததற்குப் பிறகாவது கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் இந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். நிபா வைரஸ் பழந்தின்னி வௌவாலின் உடம்பில் இயல்பாக இருப்பது. கடிபட்ட பழத்தை மண்வெட்டியால் அள்ளிக் குழியில் போட்டு மூடுங்கள். வெறுங்கையால் பொறுக்க வேண்டாம், ஆட்டுக்கும் போட வேண்டாம். நல்ல பழத்தையும் கழுவித் தோல் உரித்துத்தான் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டும். பல்லால் கடித்துத் திறக்க விடக் கூடாது.

இனி அணில்தான் என்று தெரிந்தால் முதலில் அதன் வழியை அறுக்க வேண்டும். வலைக்குக் கொடுக்கும் பணத்தைவிட அரிவாளுக்குக் கொடுக்கும் அரை நாள் கூலி அதிகம் வேலை செய்யும். நம் புரையிடங்களில் ரம்புட்டானை ஒட்டியே சக்கை (பலா) மரம், அதை ஒட்டிக் கமுகு, கமுகின்மேல் நல்லமிளகுக் கொடி, அதன் பக்கத்தில் ஓட்டுக்கூரை. அணிலுக்கு இது ராஜபாட்டை. ரம்புட்டானைச் சுற்றி ஆறடிக்குள் வேறு மரக்கிளையோ கூரை விளிம்போ துணி காயப்போடும் கம்பியோ இருக்கக் கூடாது. கிளையைக் கவாத்து செய்யும்போது காற்றில் அது ஆடும் தூரத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். இடவப்பாதிக் (தென்மேற்குப் பருவமழைக்) காற்றில் ஒரு சக்கைக் கிளை இரண்டடி அசையும், அணிலுக்கு அந்த ஒரு கணம் போதும்.

மரத்தண்டில் தகரம் சுற்றுவது எல்லா மரத்துக்கும் ஆகாது. தனியாக நிற்கும் தென்னை, உயரமாகத் தண்டு விட்ட சப்போட்டா போன்றவற்றுக்குச் சரி. இரண்டடி அகல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய) தகரத்தை, அதன் அடி விளிம்பு தரையிலிருந்து ஐந்தடிக்கு மேல் இருக்கும்படி சுற்ற வேண்டும். தாழ்வாகக் கட்டினால் அணில் கீழிருந்தே தாவித் தகரத்தைத் தாண்டிவிடும். ஆணி அடிக்காமல் ஓரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக விட்டுக் கம்பியால் கட்டி, வருடத்துக்கு ஒருமுறை தளர்த்துங்கள். இல்லாவிட்டால் தண்டு பருக்கும்போது தகரம் சதைக்குள் இறங்கிவிடும். மூன்றடியிலேயே கிளை விரிக்கும் ஒட்டு ரம்புட்டானுக்குத் தகரம் கட்ட இடமே இல்லை. அங்கேதான் வலை வருகிறது.

மீன்வலை ஏன் கூடாது? செவுள் வலை என்பது மீனின் தலை நுழைந்து செவுளில் மாட்டிக்கொள்வதற்கென்றே செய்தது. முன்னால் போகலாம், பின்னால் எடுக்க வராது. பாம்புக்கும் ஆந்தைக்கும் அதே கதிதான். தங்கூசி (நைலான்) இழை இரவில் கண்ணுக்கும் தெரியாது. பச்சை நிழல்வலையும் வேண்டாம். மழையில் கனத்துக் கிளையை முறிக்கும், உள்ளே ஈரம் அடங்கிப் பழம் அழுகும். வாங்க வேண்டியது கனமான நூலில் பின்னிய வெள்ளை வலை. கண் 5 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கடையிலேயே இழுத்துப் பிடித்துச் சுண்டுவிரலை நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

அளவு எடுக்க, மரத்தைவிட்டு ஓரடி தள்ளி நிற்கப்போகும் வலையின் உயரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தைக் கூட்ட வேண்டும். 12 அடி உயரம், 12 அடி அகலம் என்றால் 36. தரையில் மடித்துப் புதைக்க இரு பக்கமும் சேர்த்து இரண்டு மூன்று அடி கூட்டி 39 அடிச் சதுரம். வலையை நேராக இலைமேல் போர்த்துவதுதான் பெரும்பாலோர் செய்யும் தப்பு. பழத்தில் வலை ஒட்டினால் அணில் வெளியில் தொங்கியபடியே தின்றுவிடும், வௌவாலும் அப்படியே. நான்கு பக்கமும் கமுகு வாரியோ மூங்கிலோ நட்டு, இலை விளிம்பிலிருந்து ஓரடி தள்ளி வலை நிற்க வேண்டும். கம்பின் தலையில் பழைய சைக்கிள் டியூப் துண்டையோ பிளாஸ்டிக் பாட்டிலையோ கவிழ்த்தால் வலை கிழியாது. அடி விளிம்பை அரையடி ஆழத்தில் மண்ணில் புதையுங்கள். கல் வைத்தால் இரண்டு கல்லுக்கு நடுவில் அணில் புகுந்துவிடும். பழம் மஞ்சளோ சிவப்போ காட்டுவதற்கு இரண்டு வாரம் முன்பே கட்டியாக வேண்டும். ருசி கண்ட பிறகு கட்டினால் அணில் வலையைக் கடித்துத் திறக்கப் பார்க்கும். கடிக்காது என்று உத்தரவாதம் தர முடியாது. பெரும்பாலும் கம்போ கிளையோ வலையைத் தொடும் இடத்தில்தான் ஓட்டை விழும், அன்றைக்கு மாலையே நூல் போட்டுத் தைத்துவிடுங்கள். காலையும் மாலையும் வலையைச் சுற்றி ஒரு நடை நடக்க நேரமில்லாதவர்கள் வலையே கட்ட வேண்டாம்.

இரண்டு மூன்று குலை மட்டும் வீட்டுக்கு மிஞ்சினால் போதும் என்பவர்களுக்கு அரை அங்குலக் கண் கம்பிவலை மேல். ஒன்றரையடி நீளத்துக்கு வெட்டிக் குழாய்போல் சுருட்டிக் குலையை உள்ளே விட்டு, இரு முனையையும் கட்டுக்கம்பியால் பிணைத்துவிட்டால் அணில் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போகும். கம்பிக் கூட்டின் பாரம் குலைக் காம்பில் விழாமல் மேல்கிளையில் தொங்க வேண்டும்.

மிளகாய்க் கரைசலைப் பற்றி நிறையப் பேர் சொல்கிறார்கள். காரம் பாலூட்டிகளுக்குத்தான் எரியும், பறவைக்கு உறைக்காது. காந்தாரி மிளகாயைக் கிளி கொத்தித் தின்பதை நம் விளைகளில் (தோப்புகளில்) பார்க்கலாம். 100 கிராம் காந்தாரியை அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, இரவு முழுக்க ஆறவைத்து, துணியில் இரண்டு முறை வடிகட்டுங்கள். ஒழுங்காக வடிக்காவிட்டால் தெளிப்பான் மூக்கு அடைத்துக்கொள்ளும். 9 லிட்டர் தண்ணீரும், ஒட்டுவதற்கு 20 கிராம் சீவிய சோப்பும் சேர்த்து, காற்றுக்கு முதுகு காட்டி நின்று தெளிக்கலாம். கண்ணாடியும் கையுறையும் வேண்டும். ஐந்து நாளைக்கு ஒருமுறையும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் திரும்பத் தெளிக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் சிக்கல். ரம்புட்டான் பழுப்பது இடவப்பாதி மழையில். காலையில் தெளித்தால் மத்தியானம் ஓடையில் போய்விடும். மாசி, பங்குனியில் கொய்யாவுக்கு வேண்டுமானால் பயன்படும்.

பழைய சி.டி., கண்ணாடித் துண்டு, பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் ஒரு வாரக் கூத்து. கூண்டு வைத்துப் பிடித்து ஆற்றுக்கு அப்பால் விட்டால் காலியான இடத்துக்கு அடுத்த அணில் வரும். பிடித்தது பெண்ணாக இருந்தால் கூட்டில் குஞ்சுகள் பட்டினியில் சாகும். எலி மருந்தைக் கிளையில் கட்டுவது அறவே கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்னும் பூனையும் கூகையும் சேர்ந்து சாகும். பேச்சிப்பாறைப் பக்கம் காட்டை ஒட்டிய விளைகளில் வருவது முதுகில் செம்பழுப்பும் கருப்பும் கலந்த, நீண்ட வாலுள்ள மலையணிலாக இருந்தால் அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. அதைத் தொட வேண்டாம், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சப்போட்டா, மா, சக்கை, வாழை ஆகியவற்றை முற்றியதும் அறுத்து வீட்டுக்குள் பழுக்கவைத்துவிட்டால் அணிலோடு சண்டையே இல்லை. ரம்புட்டானுக்கு இந்தச் சூத்திரம் செல்லாது. பறித்த பிறகு அது பழுக்காது, புளிப்போடு நின்றுவிடும். ஆகவே மரத்தில் பழுக்கும் அந்தச் சில வாரங்களுக்கு மட்டும்தான் காவல் தேவை. நிறம் முழுதாக ஏறிய குலையை ஒருநாள்கூட விட்டுவைக்காமல் தோட்டியால் (கொக்கி கட்டிய கம்பால்) அறுத்துக்கொள்ளுங்கள். கடைசிக் குலை இறங்கிய அன்றே வலையையும் இறக்க வேண்டும். வலை தவிர, எலிக்கு வைத்த பசை அட்டையில் அணிலோ அரணையோ மாட்டியிருந்தால் பிய்த்து எடுக்காதீர்கள். ஒட்டிய இடத்தில் தேங்காயெண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, துணியால் உடம்பைப் பிடித்தபடி காலைத் தளர்த்தினால் தோல் உரியாமல் வந்துவிடும்.

இப்படிக்கு,
வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் வாசகர்கள் சிலர்,
குலசேகரம், குமரி மாவட்டம்.